டிரெஸ்ஸாஜ் மதிப்பெண்: நடுவர் கண்ணா, விதிப்படி கணக்கா?

குதிரை தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில் கட்டை விழுந்தால் 4 பெனால்டி. அதில் வாதாட ஒன்றுமில்லை. குதிரை வகுத்த அசைவுகளைச் சவாரிக்காரரின் சைகைக்கேற்ப நேர்த்தியாகச் செய்துகாட்டும் டிரெஸ்ஸாஜில் அப்படி இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை, அரை மதிப்பெண் ஏற்ற இறக்கத்தில் போடுகிறார். முக்கியமான சில அசைவுகளுக்கு அது இரண்டால் பெருக்கப்படும். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு சதவீதம். ஒரு பைரூட்டுக்கு (பின்னங்கால்களை மையமாக வைத்துக் குதிரை சுழல்வது) 7 ஏன், 7.5 ஏன் கூடாது என்று கேட்டால், நடுவரின் பயிற்சியும் ரசனையும்தான் பதில்.

இதில் சந்தேகம் எழுவது நியாயமே. 1956-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஜெர்மன் நடுவர் தம் நாட்டு வீரர்கள் மூவரை முதல் மூன்று இடங்களில் வைத்தார். ஸ்வீடன் நடுவரும் தம் நாட்டவருக்கு அதையே செய்தார். அடுத்த ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் அணிப் போட்டியே நடக்கவில்லை. ஃபிகர் ஸ்கேட்டிங் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் நடுவர் ஊழலுக்குப் பிறகு, 6.0-ஐ உச்ச மதிப்பெண்ணாகக் கொண்ட பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படைப் புள்ளி வைத்தது. டிரெஸ்ஸாஜுக்கும் அதைக் கொண்டுவந்தால் என்ன?

சில இடங்களில் கச்சிதமாகப் பொருந்தும். டிரெஸ்ஸாஜின் உயர்மட்டச் சோதனையான கிராண்ட் ப்ரீயில், ஓட்டத்தின் ஒவ்வொரு அடிக்கும் முன்னே நீளும் முன்னங்காலை மாற்றும் வரிசையில் 15 மாற்றங்கள் வரவேண்டும். 14 வந்தால் 14தான். அதற்கு இத்தனை குறைப்பு என்று எழுதிவைத்துவிடலாம். குதிரை நின்ற இடத்திலேயே தாளத்தோடு கால் தூக்கி வைக்கும் பியாஃபில்தான் இடிக்கிறது. 12 முதல் 15 அடிகள் வேண்டும் என்கிறது விதி. இரண்டு குதிரைகளும் 13 அடி வைக்கின்றன. ஒன்று இடுப்பைத் தாழ்த்தி, பின்னங்காலில் எடை தாங்கி, முதுகு தளர்ந்து நின்ற இடத்திலேயே தாளம் பிடிக்கிறது. மற்றொன்று வாலைச் சுழற்றி, வாயைத் திறந்து, இறுக்கத்தில் துள்ளுகிறது. எண்ணிப் பார்த்தால் இரண்டும் சமம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது, முதல் குதிரைக்கு.

நடுவர்களிடையே மதிப்பெண் வேறுபட்டாலே பாரபட்சம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மைதான ஓரங்களில் இடங்களைக் குறிக்க எழுத்துகள் இருக்கும். குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள C எழுத்தருகே நேரெதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் குதிரை கோணாமல் வருகிறதா என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் நின்றபோது ஒரு பின்னங்கால் பின்தங்கியிருப்பதை நீண்ட பக்கங்களின் நடுவிலுள்ள E, B பக்கத்தில் இருப்பவரே நன்றாகக் காண்பார். ஐந்து பேரை, ஒலிம்பிக்கில் ஏழு பேரைச் சுற்றிலும் உட்காரவைப்பதே இதற்குத்தான். பெரிய பெயருள்ள வீரர் உள்ளே வரும்போதே மதிப்பெண் கொஞ்சம் ஏறிவிடுகிறது என்ற புகார் வேறு. அதை நான் முழுதாக நம்புகிறேன்.

ஆகவே என் தேர்வு கலப்பு முறை. எண்ணக்கூடிய பிழைக்கு நிலையான குறைப்பு இருக்கட்டும். தரத்துக்கு 0–10 தொடரட்டும். பெரிய போட்டிகளில் மேற்பார்வைக் குழு எண்ணிக்கைத் தவறுகளை உடனுக்குடன் திருத்துகிறது. அதை இன்னும் விரிக்கலாம். ஆனால் ஸ்கேட்டிங் போலக் கடினத்துக்கு விலை நிர்ணயிக்கும் பாதை மட்டும் வேண்டாம். அங்கே புள்ளிக்காக நான்கு சுற்றுத் தாவலுக்கு முயல்பவர் தன் உடம்பைத் தானே பணயம் வைக்கிறார். இங்கே தயாராகாத குதிரையைப் பியாஃபுக்குள் தள்ளினால், வலி குதிரைக்கு, புள்ளி சவாரிக்காரருக்கு.