அரசைக் கட்டியவர், கட்சியைக் கட்டியவர்: காஸ்கிரேவும் டி வலேராவும்

அயர்லாந்தின் இரண்டு பழைய பெரிய கட்சிகளான ஃபியன்னா ஃபாயிலுக்கும் ஃபினா கேலுக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அந்த ஊர்க்காரரே கொஞ்சம் தலையைச் சொறிவார். இடது, வலது என்ற அளவுகோல் அங்கே சரிப்படாது. பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா எதிர்ப்பதா என்று 1922-இல் நாடு பிளந்தபோது குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்பதுதான் நெடுங்காலம் வாக்கைத் தீர்மானித்தது. அதனால் 1922 முதல் 1932 வரையிலான பத்து வருடத்தைக் கொள்கை மோதலாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். யார் கையில் எது இருந்தது, எது இல்லை என்று பார்த்தால் கணக்கு நேராகிவிடும். உடன்படிக்கையை ஏற்ற தரப்பின் தலைவர் காஸ்கிரேவிடம் அரசு இருந்தது, கட்சி இல்லை. எதிர்த்த தரப்பின் தலைவர் டி வலேராவிடம் ஆட்கள் இருந்தார்கள், அரசுக்குள் நுழைய வழி இல்லை.

64-க்கு 57

1921 டிசம்பர் 6-இல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை 26 மாவட்டங்களுக்கு கனடாவைப் போன்ற டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் மன்னருக்குக் கீழே தன்னாட்சி, கொடுத்தது. பதிலுக்கு மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன: பிரிட்டிஷ் மன்னர் பெயரில் ஒரு கவர்னர் ஜெனரல், எம்.பி.க்கள் மன்னருக்கு எடுக்கவேண்டிய விசுவாசப் பிரமாணம், பிரிட்டிஷ் கடற்படை வசமே இருக்கும் மூன்று துறைமுகங்கள். 1922 ஜனவரி 7-இல் டாயில் என்ற ஐரிஷ் கீழவை இதை 64-க்கு 57 என்று ஏற்றது. வடக்கு பிரிந்து போனதைப் பற்றி அந்த விவாதத்தில் பேசியவர்கள் கொஞ்சம்தான். நாள் கணக்கில் இழுத்தது பிரமாணமும் மன்னரும். இன்று படிக்கும்போது இது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அதுவரை டாயில் அரசின் தலைவராக இருந்த டி வலேரா பதவி விலகினார். ஜூன் 28-இல் உடன்படிக்கையை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. உடன்படிக்கைத் தரப்பின் ஆர்தர் கிரிஃபித் ஆகஸ்ட் 12-இல் நோயில் இறந்தார். பத்தே நாளில், ஆகஸ்ட் 22-இல், மைக்கேல் காலின்ஸ் கார்க் மாவட்டத்தில் பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்குப் பலியானார். மிச்சம் இருந்தவர்களில் நிர்வாகம் தெரிந்தவர் டபிள்யூ. டி. காஸ்கிரேவ். வேறு வழியில்லாமல் தலைமைக்கு வந்தவர் என்று அவரைச் சொல்வது அநியாயம் இல்லை. ஆனால் பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

காஸ்கிரேவ், டி வலேரா இருவரும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் ஆயுதம் ஏந்தியவர்கள். இருவருக்கும் மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்தார்கள். ஒற்றுமை அத்தோடு சரி. காஸ்கிரேவ் டப்ளின் மதுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. மாநகராட்சியில் உட்கார்ந்து வரி, சாக்கடை, வீட்டுவசதி என்று கோப்பு பார்த்துப் பழகியவர். டி வலேரா நியூயார்க்கில் பிறந்து லிமெரிக் கிராமத்தில் வளர்ந்த கணக்கு வாத்தியார். ஒரு சொல்லின் எல்லையை மயிரிழை மயிரிழையாகப் பிரித்துக் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தத் திறமை பின்னால் அவரைக் காப்பாற்றியது.

காஸ்கிரேவின் பேரேடு

வரவுப் பக்கம் கனமானது. ஆயுதமில்லாத போலீஸ் படையான கார்டா ஷீகானா உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே களத்துக்கு வந்தது. நீதிமன்றங்கள் புதிதாக அமைந்தன. ஷானன் ஆற்றில் அர்த்நக்ரூஷா நீர்மின் நிலையத்துக்கு 1925-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். செலவு ஏறத்தாழ 52 லட்சம் பவுண்டு. அரசின் ஒரு வருட வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் துணிச்சல் புரியும். 1929-இல் மின்சாரம் வந்தது.

பற்றுப் பக்கமும் லேசானதல்ல. போரின்போது அரசு அதிகாரபூர்வமாக 77 பேரைச் சுட்டுக் கொன்றது. 1922 டிசம்பர் 7-இல் உடன்படிக்கைத் தரப்பு எம்.பி. ஷான் ஹேல்ஸ் கொல்லப்பட்டார். மறுநாள் காலையே, ஏற்கனவே சிறையில் இருந்த எதிர்த்தரப்புத் தலைவர்கள் நான்கு பேரை விசாரணை இல்லாமல் நிறுத்திச் சுட்டார்கள். அதில் ஒருவர் ரோரி ஓ'கானர். அந்த முடிவுக்கு ஒப்புதல் கொடுத்த அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அந்தக் கல்யாணம் நடந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பகை எந்தக் கொள்கை அறிக்கையாலும் தீரக்கூடியதா?

அப்புறம் 1924-இல் நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் முதியோர் ஓய்வூதியத்தை வாரம் 10 ஷில்லிங்கிலிருந்து 9 ஆகக் குறைத்தார். மின் நிலையத்தை மறந்தவர்கள்கூட அந்த ஒரு ஷில்லிங்கை மறக்கவில்லை. 1927-இன் மதுச் சட்டம் கடை நேரத்தைச் சுருக்கி, உரிமங்களைக் குறைக்கவும் வழிசெய்தது. மதுக்கடைக்காரர் மகன் மதுக்கடைக்காரர்களைப் பகைத்துக்கொண்டார். நேர்மையான ஆள்தான், தேர்தல் கணக்கு மட்டும் போடத் தெரியாது.

கட்சி யந்திரம்: இங்கேதான் வித்தியாசம்

காஸ்கிரேவின் குமான் நா கேல் 1923 ஏப்ரலில் தொடங்கியது. அமைச்சர்கள் முதலில், கட்சி பிறகு. எனவே கட்சிக் கமிட்டியை அமைச்சர்கள் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். கிளையிலிருந்து வந்த மனுக்களில் பெரும்பாலானவை வேலை கேட்டு வந்தவை. அரசோ பணி நியமனத்துக்கு ஆணையம் வைத்தது. 1926-இல் மாவட்ட மருத்துவர், பொறியாளர் போன்ற உள்ளாட்சிப் பதவிகளையும் தனி ஆணையத்திடம் கொடுத்துவிட்டது. நிர்வாகத்துக்கு இது பெரிய நன்மை. கட்சிக்கோ, கொடி பிடித்தவனுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் போனது. தேர்தல் வந்தால் ஊர்ப் பெரிய வியாபாரி, பெரிய விவசாயி, பாதிரியார் என்று நாலு பேர் மேடை போடுவார்கள். முடிந்ததும் கிளை தூங்கிவிடும்.

டி வலேரா தரப்பு 1923 ஆகஸ்ட் தேர்தலில் ஷின் ஃபெய்ன் என்ற கட்சிப் பெயரில் 44 இடம் வென்றும், பிரமாணம் எடுக்க மறுத்து டாயிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. மூன்று வருடம் வீண். 1926-இல் ஷின் ஃபெய்ன் மாநாட்டில், பிரமாணம் நீங்கினால் அவைக்குள் போகலாம் என்ற அவரது யோசனை நூலிழையில் தோற்றது. வெளியே வந்து மே 16-இல் டப்ளின் லா ஸ்காலா தியேட்டரில் ஃபியன்னா ஃபாயிலைத் தொடங்கினார்.

கட்டிய முறையைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஷான் லெமாஸும் ஜெரால்ட் போலண்டும் பழைய கார்களில் ஊர் ஊராகப் போனார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் பழைய கெரில்லாப் படையின் தளபதி யார் என்று விசாரித்து முதலில் அவரைப் பிடிப்பார்கள். அவர் வந்தால் அவருடைய பழைய படையணி அப்படியே ஒரு கிளை ஆகிவிடும். ஒரு தேவாலயப் பங்குக்கு ஒரு கிளை என்பது திட்டம். அதற்குப் பெயர் குமான். பல குமான்கள் சேர்ந்து வட்டாரக் குழு, அதன்மேல் தொகுதிக் குழு, எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டு மாநாடான ஆர்ட் ஃபெஷ். பணத்துக்கு, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருவோரிடம் தேவாலய வாசலில் உண்டியல் வசூல். எந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் என்று கெரில்லாக் காலத்திலேயே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பது புது வேலையா என்ன?

ஓட்டு எண்ணும் முறையும் இப்படிப்பட்ட கட்சிக்கே சாதகம். அயர்லாந்தில் ஒற்றை மாற்று வாக்கு: 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதவேண்டும். தொகுதியில் 5 இடம், செல்லும் வாக்கு 40,000 என்றால் 40,000-ஐ 6 ஆல் வகுத்து ஒன்று கூட்டு: 6,667 எடுத்தவர் ஜெயித்தார். நம்ம ஊர் மாநிலங்களவைத் தேர்தலிலும் இதே சூத்திரம்தான்: 234 எம்.எல்.ஏ., 6 இடம், 7 ஆல் வகுத்தால் ஒருவருக்கு 34. நட்சத்திர வேட்பாளர் ஒருவர் 10,000 வாக்கு அள்ளினால் மிஞ்சும் 3,333 வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். கட்டுப்பாடுள்ள கட்சியில் அது இரண்டாவது வேட்பாளருக்குப் போய்ச் சேரும். கட்டுப்பாடில்லாத கட்சியில் உள்ளூர் சுயேச்சைக்குக் கசியும்.

1927: ஒரே வருடத்தில் எல்லாம்

ஜூன் தேர்தலில் மொத்தம் 153 இடங்கள். குமான் நா கேல் 47, ஃபியன்னா ஃபாயில் 44. பிரமாணச் சிக்கலால் 44 பேரும் வாசலோடு திரும்பினார்கள். ஜூலை 10, ஞாயிறு. பூசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஓ'ஹிக்கின்ஸ் பூட்டர்ஸ்டவுனில் சுட்டுக் கொல்லப்பட்டார். காஸ்கிரேவ் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்று, ஜெயித்தால் பிரமாணம் எடுப்பேன் என்று வேட்புமனுவோடேயே எழுதிக் கொடுக்கவேண்டும் என்றது. உள்ளே வா, இல்லையென்றால் தேர்தலையே மற. எதிரியைச் சட்டமன்ற அரசியலுக்குள் தள்ளிய சட்டம் இது. நாட்டுக்கு அவர் செய்த மிகப் பெரிய உபகாரம் என்பேன். கட்சிக்குத் தானே வைத்துக்கொண்ட கொள்ளியும் இதுதான்.

ஆகஸ்டில் டி வலேரா போனார். அலுவலர் முன் கையெழுத்துப் புத்தகம் விரித்துக் கிடந்தது, பக்கத்தில் பைபிள். பைபிளை எடுத்து அறையின் மறுகோடியில் வைத்தார். பிரமாண வாசகத்தைத் தாள்களால் மூடிவிட்டு, நான் எந்தப் பிரமாணமும் எடுக்கவில்லை, உள்ளே போக என் பெயரை எழுதுகிறேன் என்று அறிவித்து கையெழுத்துப் போட்டார். வெற்றுச் சடங்கு என்பது அவர் வாதம். அப்படியானால் 1922-இல் ஏன் இதைச் செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. இதற்கு அவரிடமிருந்து திருப்தியான பதில் கடைசிவரை வரவில்லை.

உள்ளே வந்த உடனே தொழிலாளர் கட்சியோடும் நேஷனல் லீக் என்ற சின்னக் கட்சியோடும் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆகஸ்ட் 16-இல் 71-க்கு 71. சபாநாயகர் வாக்கில் அரசு தப்பியது. நேஷனல் லீகைச் சேர்ந்த ஸ்லைகோ எம்.பி. ஜான் ஜிங்ஸ் வாக்களிக்காமல் நழுவிப்போனதால் வந்த சமநிலை. குடிக்க வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. செப்டம்பரில் மறுதேர்தல்: குமான் நா கேல் 62, ஃபியன்னா ஃபாயில் 57. சின்னக் கட்சிகள் நசுங்கின. இரு துருவ அரசியல் அன்றோடு நிலைத்தது.

1932

காஸ்கிரேவ் தரப்பின் விளம்பரம் முழுக்க பயம். டி வலேராவைச் சர்க்கஸ் முதலாளியாக வரைந்தார்கள், துப்பாக்கிக்காரனின் நிழலைச் சுவரொட்டியில் ஒட்டினார்கள். அதோடு ஆசிரியர், போலீஸ் சம்பளத்தைக் குறைக்கப் போவதாகவும் பேச்சு. தேர்தல் நேரத்தில்! எதிர்த்தரப்பிடம் 1931 செப்டம்பர் 5 முதல் ஒரு பென்னி விலையில் ஐரிஷ் பிரஸ் நாளிதழ் இருந்தது. அதன் ஆசிரியர்மேல் அரசு ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு இலவச விளம்பரமும் கொடுத்தது. முடிவு: ஃபியன்னா ஃபாயில் 72, குமான் நா கேல் 57. தொழிலாளர் கட்சியின் 7 பேர் கைகொடுக்க, மார்ச் 9-இல் 81-க்கு 68 என்று டி வலேரா வென்றார். ஃபியன்னா ஃபாயிலில் சிலர் கோட்டுப் பைக்குள் கைத்துப்பாக்கியோடு அவைக்கு வந்தார்கள், ஆட்சியைக் கொடுக்க மாட்டார்கள் என்ற சந்தேகத்தில். காஸ்கிரேவ் எழுந்து போனார், அவ்வளவுதான். போலீஸ் தலைவர் ஓ'டஃபி ராணுவப் புரட்சிக்கு நூல் விட்டுப் பார்த்திருந்தார், யாரும் பிடிக்கவில்லை. காஸ்கிரேவின் பத்து வருடத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு நாள்தான்.

மாடா, நெல்லா என்பதுபோல

பொருளாதாரத்தில் ஓரளவு அசல் வித்தியாசம் உண்டு. குமான் நா கேல் மேய்ச்சல் நிலம், இங்கிலாந்துக்கு மாடு ஏற்றுமதி, குறைந்த வரி. ஃபியன்னா ஃபாயில் உழவு, சுங்கச் சுவர், உள்ளூர்த் தொழிற்சாலை. பழைய நிலச் சீர்திருத்தக் கடனுக்காக விவசாயிகளிடம் வசூலித்து லண்டனுக்கு வருடம் ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு அனுப்பிய நிலத் தவணையை டி வலேரா நிறுத்தினார். பிரிட்டன் 1932 ஜூலையில் ஐரிஷ் பொருளுக்கு 20 சதவீத வரி போட்டது. மாட்டு விலை சரிந்தது. கன்றுகளை வெட்ட அரசே தோலுக்கு மானியம் கொடுக்கும் நிலை வந்தது. தவணையையே ரத்து செய்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1933 சட்டம் பாதியாகக் குறைத்தது, அந்தப் பாதி டப்ளின் கஜானாவுக்குப் போனது. சிறு விவசாயிக்கு லாபம், மேய்ச்சல் பண்ணைக்காரருக்கு நஷ்டம். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று விளக்கவேண்டியதில்லை. 1938-இல் ஒரே தவணையில் ஒரு கோடி பவுண்டு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மூன்று துறைமுகங்களும் கைக்கு வந்தன.

கருவி மாறிய கதை

டி வலேரா பிரமாணத்தை 1933-இல் நீக்கியதும், 1936-இல் மேலவையான செனட்டைக் கலைத்ததும் எந்தச் சட்டத்தின் பலத்தில்? 1922 அரசியலமைப்பைச் சாதாரணச் சட்டத்தால் திருத்தலாம் என்ற அவகாசம் எட்டு வருடம்தான்; அதைப் பதினாறாக நீட்டியது காஸ்கிரேவ் அரசு. லண்டனின் சட்டம் டொமினியன்களைக் கட்டுப்படுத்தாது என்ற 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்துக்கு மாநாடு மாநாடாக உழைத்ததும் அவர்கள்தான். ராணுவத் தீர்ப்பாயமும் அவர்கள் வைத்துவிட்டுப் போனது. டி வலேரா வந்ததும் நிறுத்திவைத்தார். 1933-இல் ஓ'டஃபியின் நீலச்சட்டைப் படைக்கு எதிராகத் திரும்ப எடுத்தார். பிறகு தன் பழைய தோழர்களான, உடன்படிக்கையை ஏற்காத ஆயுதப் படையான ஐ.ஆர்.ஏ. மேலேயே பாய்ச்சினார். 1933 செப்டம்பரில் குமான் நா கேல் மற்ற இரண்டு அமைப்புகளோடு இணைந்து ஃபினா கேல் ஆனது. அந்த ஓ'டஃபியையே தலைவராக்கியது அவர்கள் செய்த மகா தவறு. ஒரே வருடத்தில் அவர் போய்விட்டார், கறை போகவில்லை.

1937 அரசியலமைப்பை மக்கள் 6,85,105-க்கு 5,26,945 என்று ஏற்றார்கள். பழைய ஏற்பாட்டில் அரசுத் தலைவரால் ஓர் அமைச்சரைத் தனியாக நீக்க முடியாது. டீஷக் என்ற புதிய பிரதமர் பதவியால் முடியும். இது சர்வாதிகாரம் என்று ஃபினா கேல் கத்தியது. 1948-இல் அவர்களுடைய ஜான் கோஸ்டெல்லோ அதே நாற்காலியில், ஐந்து கட்சிக் கூட்டணியோடு, உட்கார்ந்தார். மன்னரை வெளிவிவகாரத்தில் மட்டும் மிச்சம் வைத்திருந்த டி வலேராவின் 1936 சட்டத்தை ரத்து செய்தார். 1949 ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்கள், அயர்லாந்து குடியரசானது. மன்னருக்குப் பிரமாணம் எடுக்கலாம் என்று 64 கை தூக்கியவர்களின் வாரிசுக் கட்சி அறிவித்த குடியரசு.