லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸ், நைன்த் ஹவுஸ்: எதை முதலில் எடுக்கலாம்?

ஒரே வருடத்தில் இந்த இரண்டு நாவல்களையும் வாசித்தேன். நைன்த் ஹவுஸ் நான்கு நாளில் முடிந்தது. லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸுக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஒரு நாளைக்குப் பத்து அத்தியாயம், பெரும்பாலும் ரயிலில், மொபைலில். டார்க் ஃபேன்டஸி, அதாவது திகில் கலந்த மாயக்கதைகள் பக்கம் புதிதாக வரும் நண்பர்கள் இந்த இரண்டில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், நான் லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸைத்தான் சொல்கிறேன். கைக்கு அடக்கமான, நல்ல மொழியில் எழுதப்பட்ட ஒரு புத்தகம் இருக்கும்போது கிட்டத்தட்ட 1,400 அத்தியாயம் உள்ளதைக் காட்டுகிறாயே என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறிமுகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைன்த் ஹவுஸ் 2019-ல் வெளிவந்தது. எழுதியவர் லீ பார்டுகோ. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கல் அண்ட் போன்ஸ் போன்ற ரகசியச் சங்கங்கள் நிஜமாகவே உண்டு. அந்தச் சங்கங்கள் உள்ளே மாந்திரீகம் செய்கின்றன என்பது நாவலின் கற்பனை. எட்டுச் சங்கங்கள், அவை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒன்பதாவதாக லீத்தி என்ற அமைப்பு. பேய்களைக் கண்ணால் பார்க்கக்கூடிய அலெக்ஸ் ஸ்டெர்ன் என்ற பெண் அதில் சேருகிறாள். ஊரில் ஒரு பெண் கொலை செய்யப்படுகிறாள்.

லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸ் சீன மொழியில் 2018 முதல் 2020 வரை இணையத்தில் தொடராக வந்தது. எழுதியவரின் புனைபெயருக்கு ‘முக்குளிக்கப் பிடித்த கணவாய் மீன்’ என்று பொருள். இன்றைய சீனாவில் வாழ்ந்த ஓர் இளைஞன் மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு கண் விழிக்கிறான். அது அவனுடைய உடல் இல்லை. நெற்றிப்பொட்டில் குண்டு பாய்ந்த காயம், பக்கத்தில் ஒரு ரிவால்வர், வெளியே வானத்தில் செக்கச் சிவந்த நிலா. அவன் இப்போது கிளைன் மொரெட்டி. விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் போன்ற உலகம், நீராவி இயந்திரங்கள், தேவாலயங்களுக்குக் கீழே மறைந்து இயங்கும் மாந்திரீகக் காவலர்கள்.

மொழி என்று பார்த்தால் போட்டியே இல்லை, நைன்த் ஹவுஸ்தான். லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸை நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்களும், உரையாடல் மரக்கட்டையாக நிற்கும் இடங்களும் அதில் நிறைய. மூலத்தில் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல எனக்குச் சீனம் வராது. நீளமும் வெளிப்படையான விஷயம்தான். ஒன்று 450 பக்கங்களை ஒட்டியது, மற்றதோ கிட்டத்தட்ட அரை வருடம் கேட்கும்.

நான் நிற்கும் இடம் வேறு. அமானுஷ்யமும் துப்பறிதலும் ஒரே கதைக்குள் வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. பூட்டிய அறையில் பிணம் கிடக்கிறது. பேய் சுவரைத் தாண்டி வந்து கொன்றது என்று கடைசிப் பக்கத்தில் சொல்லிவிட்டால், அதுவரை மூளையைக் கசக்கிய வாசகனுக்கு என்ன மரியாதை? எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் மர்மம் என்று ஒன்றே இல்லை. இந்த உலகத்தில் மாந்திரீகம் என்ன செய்யும், என்ன செய்யாது, செய்தால் என்ன விலை என்பதை முடிச்சு அவிழும் முன்பே வாசகனிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டு நாவல்களையும் எடை போடுவது இந்த ஒரு தராசில்தான்.

கிளைன் ‘சீயர்’, அதாவது குறி பார்ப்பவன். கேள்வி கேட்டால் பதில் வரும் என்று இருந்தால் துப்பறியும் கதை மூன்றாம் பக்கத்திலேயே செத்துவிடும். எழுத்தாளர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். கிளைனின் மணிக்கட்டில் புஷ்பராகக் கல் கோத்த ஒரு சங்கிலி உண்டு. குறி பார்க்க வேண்டியதை ஒரு வாக்கியமாக்கி, கல்லைத் தொங்கவிட்டு, அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஏழு முறை சொல்ல வேண்டும். கல் வலஞ்சுழியாகச் சுற்றினால் ஆம், இடஞ்சுழியாகச் சுற்றினால் இல்லை. ஆனால் வாக்கியம் தப்பாக அமைந்தால் பதிலும் தப்பு. போதிய தகவல் இல்லாமல் கேட்டால் குறி விழாது. கனவில் வரும் காட்சி குறியீடாக வரும், அதை அவன்தான் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். அவனைவிடப் பெரிய சக்தி குறுக்கே நின்றால் குறியே திசை மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை அந்தக் கல் சுற்றும்போதும், நீ சரியான கேள்வியைத்தான் கேட்டாயா என்ற பதைப்பு நமக்கும் தொற்றிக்கொள்கிறது. குறி அங்கே ஒரு சாட்சியைப் போலத்தான். சாட்சி உளறலாம், சாட்சியை யாரோ கலைத்தும் இருக்கலாம்.

சபிக்கப்பட்ட பொருட்களுக்கும் இதே கட்டுப்பாடு. அவற்றை எண் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதல் எண் 0 என்றால் மிக ஆபத்து, 3 என்றால் ஓரளவு கையாளலாம். 2-049 என்று ஒரு பொம்மை. பக்கத்தில் இருப்பவர்களின் மூட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்து, கடைசியில் அவர்களே பொம்மை ஆகிவிடுவார்கள். அதை எடுத்துச் செல்லும் காவலர்கள் நடக்கும்போதே கையை வீசி, மடக்கி, தங்கள் மூட்டு இன்னும் தங்களுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். விதியை முன்பே சொல்லிவிட்டதால், ஒருவரின் முழங்கை ஒரு நொடி தாமதமாக மடங்கினாலே நமக்கு வயிறு கலங்குகிறது. இதுதான் பயம். திடீரென்று கத்திக்கொண்டு வரும் உருவம் அல்ல.

நைன்த் ஹவுஸ் இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தந்தது. தொடக்கம் அபாரம். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஒரு நோயாளியை மேசையில் கிடத்தி, வயிற்றைத் திறந்து, குடலைப் பார்த்துப் பங்குச்சந்தை எப்படிப் போகும் என்று குறி சொல்கிறார்கள். முடிந்ததும் தைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பணக்காரப் பிள்ளைகளின் செல்வம் யார் உடம்பிலிருந்து வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அலெக்ஸின் கோபமும் உண்மையானது. செத்தவள் யேல் மாணவி இல்லை, ஊர்ப்பெண். அதனால் விசாரிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லும்போது நமக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் முடிச்சு முழுதாக அவிழத் தேவையான ஒரு முக்கியமான மாய விஷயம் கடைசிக்குச் சற்று முன்புதான் நமக்குத் தெரியவருகிறது. அதுவரை வந்த தடயங்களை வைத்து நாம் அந்த இடத்துக்குப் போயிருக்கவே முடியாது. அதிர்ச்சி இருந்தது. ‘அடடா, இது அப்போதே கண்ணெதிரில் இருந்ததே’ என்ற நிறைவு இல்லை.

இந்த நிறைவுதான் மறுவாசிப்பில் கிடைக்கும் லாபம். லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸில் ஓல்ட் நீல் என்று ஒரு பாத்திரம். காவலர் குழுவில் வயதானவர், காப்பிப் பிரியர், சொந்தச் செலவையெல்லாம் சாமர்த்தியமாக அலுவலகக் கணக்கில் எழுதிவிடுவார். முதல் தடவை வாசித்தபோது அவர் வரும் பக்கமெல்லாம் எனக்குச் சிரிப்புதான். இரண்டாம் தடவை அதே பக்கங்களை என்னால் வேகமாகத் தாண்ட முடியவில்லை. அவர் எதற்காக எதை வாங்கினார், யாரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறியது என்பதெல்லாம் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் பாகம் முழுக்க நடக்கும் தற்செயல்களுக்கும் இதே கதைதான். எழுத்தாளரின் சோம்பல் என்று நான் நினைத்து மன்னித்த இடங்கள் அவை. நான் நினைத்தது தவறு. இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் முப்பது அத்தியாயம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு பவுண்டுக்கு 20 சோலி, ஒரு சோலிக்கு 12 பென்ஸ் என்ற கணக்கு, வீட்டு வாடகை, ரொட்டி விலை என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் அண்ணனுக்காக ஆட்டிறைச்சியும் பட்டாணியும் வாங்கி வைக்கச் சொல்லும் தங்கை இருப்பதால்தான், பின்னால் அந்த வீட்டுக்கு ஆபத்து வரும்போது நமக்குப் பதறுகிறது. ஆனால் வேகம் வேண்டும் என்பவர்கள் அங்கேயே மூடிவிடுவார்கள். நடுப் பாகங்களில் சில கடல் பயணங்களும் நீண்டுதான் போகின்றன.

நைன்த் ஹவுஸ் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். அதில் போதைப்பொருள், பாலியல் வன்முறை, குழந்தைப் பருவத்தில் நேர்ந்த கொடுமை எல்லாம் நேரடியாகவே வருகின்றன. அந்தக் காட்சிகளைத் தாங்க முடியாதவர்கள் தவிர்ப்பது நல்லது. 2023-ல் வந்த அடுத்த பாகமான ஹெல் பென்ட்டை நான் பாதிதான் வாசித்திருக்கிறேன். ஆகவே மேலே சொன்ன குறை அதில் சரியாகிவிட்டதா என்பதில் என் வார்த்தையை நம்ப வேண்டாம்.

லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸின் முதல் பாகம் 213-ஆம் அத்தியாயத்தில் முடிகிறது. அதை ஒரு தனி நாவலாக நினைத்து வாசியுங்கள். அங்கே மனம் அசையவில்லை என்றால் தாராளமாக விட்டுவிட்டு நைன்த் ஹவுஸுக்குப் போகலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: நடுவில் ரசிகர்கள் தொகுத்த விக்கிப் பக்கங்களைத் திறக்காதீர்கள். ஒரு பாத்திரத்தின் பெயர் எப்படி எழுதுவது என்று பார்க்கப் போய், அவர் கடைசியில் என்ன ஆகிறார் என்பதை முதல் வரியிலேயே நான் படித்துத் தொலைத்தேன். அது கதையில் வருவதற்கு இன்னும் 300 அத்தியாயம் இருந்தது.