மலை நீர்த்தேக்கத்துப் படகுக்கு எந்த ப்ரொப்பெல்லர்: அலுமினியமா, ஸ்டீலா?

நீலகிரியில் ஒரு நீர்த்தேக்கத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஓடும் பதினாறு அடி ஃபைபர் படகுக்கு எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஓட்டுநரோடு சேர்த்து ஏழு பேர் உட்காரும் வேகப் படகு. 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், 13 பிட்ச் (ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு) அலுமினிய ப்ரொப்பெல்லர் என்று முடிவு செய்தேன். எதிர்ப்பக்கம் நின்றது 15 பிட்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலோரத்து நண்பர்கள் எல்லோரும் ஸ்டீலுக்கே கொடி பிடித்தார்கள். கடலில் அவர்கள் சொல்வது சரி. மலையில் அந்த நியாயம் செல்லாது என்பதுதான் என் கட்சி.

எஞ்சினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எடை குறைவு, முடுக்கியதும் பாயும், கடலோரத்தில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஆனால் கார்பரேட்டர் வைத்த எஞ்சினுக்கு மலையில் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக மாற்றாவிட்டால் பிளக்கில் கரி பிடிக்கும், புகை கிளம்பும். எரிபொருளை எலக்ட்ரானிக் முறையில் செலுத்தும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஜனவரியில் புல்வெளி முழுக்க உறைபனி கிடக்கும் காலையிலும் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடுகிறது. அந்த வழக்கு அதோடு முடிந்தது.

ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காற்றைக் கொண்டுவந்து கொடுக்காது. ஆயிரம் அடி ஏறினால் எஞ்சினின் திறன் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. பைக்காரா போன்ற இடங்கள் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2000 மீட்டர், அதாவது 6500 அடி. ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. எஞ்சின் மூடியில் 60 என்று ஒட்டியிருந்தாலும் உழைப்பது 48தான். படகின் எடையும் பயணிகளின் எடையும் மலை ஏறியதால் குறைந்துவிடுவதில்லை. 75 குதிரைத்திறன் போட்டால் இழந்ததை மீட்கலாம், கணக்கும் சரியாக வரும். ஆனால் எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கு, எங்கள் படகைக் கட்டியவர் கொடுத்த வரம்பு 60. அதை மீறச் சொல்ல எனக்குத் துணிவில்லை. (கொடைக்கானல் ஏரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே பெடல் படகும் துடுப்புப் படகும்தான்.)

ஆகவே சரிசெய்ய மிஞ்சியிருப்பது ப்ரொப்பெல்லர் ஒன்றுதான். 15 பிட்ச் என்றால், தண்ணீரில் நழுவாமல் போனால் ஒரு சுற்றுக்கு 15 அங்குலம் முன்னேறும் என்று பொருள். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றுக்கு, முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்றுக்குள் இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். கடலோரத்தில் 5600 தொட்ட 15 பிட்ச், இங்கே ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது ஐயாயிரத்தை ஒட்டி நின்றது. ஆறு பேரை ஏற்றியதும் அதற்கும் கீழே இறங்கியது. "அண்ணா, மூக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது" என்றார் ஓட்டுநர். படகு பின்பக்கம் உட்கார்ந்து, முன்புறம் வானத்தைப் பார்த்தபடி தண்ணீரை உழுதுகொண்டு போனது. நீர்ப்பரப்பின் மேல் எழுந்து வழுக்கும் நிலைக்கு வர வெகுநேரம் பிடித்தது. கல்லட்டி ஏற்றத்தில் நான்காம் கியரில் ஏற முயலும் ஜீப்பின் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அந்த முனகல். இப்படியே தினமும் ஓடினால் பெட்ரோல் குடிப்பதோடு, எஞ்சினுக்குள் சூடும் கரியும் ஏறும்.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும். 13 போட்டதும் முழுச் சுமையோடு 5200க்கு மேல் நின்றது, மூக்கு சட்டென்று இறங்கியது. உச்ச வேகம் குறையாதா என்று கேட்பவர்கள் பெருக்கிப் பார்க்கட்டும்: 15ஐ 5000ஆல் பெருக்கினால் 75,000, 13ஐ 5400ஆல் பெருக்கினால் 70,200. வித்தியாசம் ஏழு சதவீதத்துக்கும் குறைவு. சில நிமிடச் சவாரியில் பயணி அதை உணரப்போவதில்லை. படகு கிளம்பும் பாய்ச்சலைத்தான் உணர்வார், அதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறார். 11 வரை இறங்க வேண்டாம். ஓட்டுநர் தனியாகத் திரும்பி வரும்போது எஞ்சின் சுற்று மேல்வரம்பை நெருங்கிவிடும்.

ஸ்டீலிலும் 13 பிட்ச் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது. இறக்கை மெல்லியது, எளிதில் வளையாது, அதே பிட்சில் கொஞ்சம் வேகமும் கூடுதல். மணல் உரசினால் எளிதில் தேயாது. பிற்பாடு விற்றால் கடலோரத்தில் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பழைய அலுமினியத்தை எடைக்குத்தான் போட வேண்டும். இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது மே மாதம். நம் மலை நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் மின்சாரத்துக்குக் கட்டப்பட்டவை. பைக்காரா மின்நிலையம் 1932 முதல் ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை இறங்கும்வரை தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கும். கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே ஏப்ரல், மே. நிறைந்த ஏரியில் ஆழத்தில் கிடந்த பாறையும், கரையோரம் மூழ்கிய சீகை (வாட்டில்) மரக் கட்டையும் அப்போது படகின் அடிக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் ஒரு பருவத்தில் எங்கேயாவது தட்டாமல் இருக்காது.

தட்டும்போது அலுமினிய இறக்கை மடங்கும், அல்லது முனை பிய்யும். அடி பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். ஸ்டீல் மடங்க மறுப்பதால் அந்த அதிர்ச்சி தண்டுக்கும் கியருக்கும் ஏறுகிறது. நடுவில் உள்ள ரப்பர் புஷ் ஓரளவு வாங்கிக்கொள்ளும், எப்போதும் அல்ல. தண்டு வளைந்தால் சீல் ஒழுகித் தண்ணீர் புகும், கியர் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வெளியே வரும். பிறகு எஞ்சினின் கீழ்ப்பகுதியை மலையிலிருந்து இறக்கி, உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பருவத்தின் நடுவில் நிற்கும் படகுக்கு எந்த ஒப்பந்தக்காரரும் சிரித்த முகம் காட்ட மாட்டார்.

அலுமினியம் மாற்றுவதைக் கிட்டே நின்று பார்த்தால் வேறு கதை. சாவியை எடுத்துவிட்டு, இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகுகிறார் ஓட்டுநர். நட்டு கழலாமல் பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் குறடால் நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, தண்டைத் துடைத்து, அதன் வரிப்பள்ளங்களில் (ஸ்ப்ளைன்) கிரீஸ் தடவி, புதியதை ஏற்றுகிறார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஏறக்குறைய ஒரு ஸ்டீல் விலையில் மூன்று அலுமினியம் வாங்கலாம் என்பதால் படகிலேயே ஒன்று உபரியாகக் கிடக்கும். மடங்கியதைக் கோவையில் வெல்டிங் பட்டறையில் நிமிர்த்தலாம். இரண்டாம் முறையும் அதே இறக்கை போனால் ஒதுக்கிவிடுங்கள். ஒட்டுப்போட்ட இறக்கை எடை சமன் தவறி அதிரும், அந்த அதிர்வு பேரிங்கைத் தின்னும்.

நான்கு இறக்கை ப்ரொப்பெல்லர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி, நீண்ட நாள் பழக்கம் இல்லை. திருப்பத்தில் தண்ணீரை விடாமல் பிடிக்கிறது, மூக்கும் சீக்கிரம் இறங்குகிறது, ஆனால் சுற்றைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. மூன்றிலிருந்து நான்குக்கு மாறுபவர்கள் பிட்சை இன்னும் ஓர் அங்குலம் குறைக்க வேண்டியிருக்கும். ஆழம் மாறாத ஏரி, நூறு குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின், வேகமே குறி என்பவர்கள் ஸ்டீலே வாங்கட்டும். எதை வாங்கினாலும் தண்டின் வரிப்பள்ள எண்ணிக்கையையும் எஞ்சின் மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். யமஹாவுக்கு வந்தது மெர்குரியில் ஏறும் என்று நம்ப முடியாது, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.