விறகடுப்பா, காஸ் அடுப்பா: லயக் காம்பராவின் காற்று

இலங்கை மலையகத்தின் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். குளிருக்குக் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமையல். அதனால் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எந்த அடுப்பு என்பது நுரையீரல் சம்பந்தப்பட்ட கேள்வி.

கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழும் குச்சிகள்) காசில்லாமல் கிடைக்கும், வீட்டுக்கும் சூடு தரும். ஆனால் அது சரியாக எரிவதில்லை, ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைட் எல்லாம் அந்தப் புகையில் உண்டு. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள், 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். புகைபோக்கி இல்லாத விறகடுப்பு இந்த அளவை மிக எளிதாகத் தாண்டிவிடும். அதை அதிகம் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் அம்மாவும் இடுப்பிலுள்ள பிள்ளையும்.

காஸில் துகள் மிகக் குறைவு. நைட்ரஜன் டைஆக்சைடு வரும், ஆஸ்துமா பிள்ளைகளுக்கு அது ஆகாது. 2022 காஸ் தட்டுப்பாட்டில் பலர் விறகுக்கே திரும்பினார்கள்.

என் தெரிவு காஸ்தான், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து. முடியாதவர்களுக்குக் காய்ந்த விறகும், கூரைக்கு மேலே போகும் புகைபோக்கியும். அதைத் தோட்ட நிர்வாகமே கட்டித்தர வேண்டும்.