கேஸ் மேனேஜர் நர்ஸாக முதல் வேலை: ஆஸ்பத்திரியா, இன்சூரன்ஸா, ஹோம் ஹெல்த்தா?

அமெரிக்காவில் வார்டில் சில வருடம் ஓடிய நம் ஊர் நர்ஸ்கள் பலர் ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்பது இதைத்தான்: கேஸ் மேனேஜ்மென்ட் பக்கம், அதாவது நோயாளியின் சிகிச்சை, டிஸ்சார்ஜ், இன்சூரன்ஸ் ஏற்பாடுகளை ஒருங்கிணைக்கும் வேலைக்கு வரலாமா, வந்தால் முதலில் எங்கே நுழைவது? முதுகு வலி, இரவு ஷிப்ட், பிள்ளைகளின் பள்ளி நேரம் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஆசை மட்டும் அநேகமாக ஒன்றுதான்: வீட்டிலேயே உட்கார்ந்து, ஹெட்செட் மாட்டிக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்ப்பது. அந்த வேலை உண்டு, நல்ல வேலையும்கூட. ஆனால் முதல் வேலையாக அதை நான் சொல்லமாட்டேன். முடிந்தால் ஆஸ்பத்திரி, அது கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஹோம் ஹெல்த், இன்சூரன்ஸ் அதற்கு அப்புறம். இதுதான் என் வரிசை.

ஆஸ்பத்திரி

இந்த வேலை எதற்கு இருக்கிறது என்பதைப் பணத்தின் வழியாகப் பார்த்தால் சட்டென்று புரியும். 1983இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட நோயாளிக்கு மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) நாள் கணக்கில் பணம் தருவதில்லை. நோயின் வகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. நிமோனியாவோடு வந்தவர் நான்கு நாளில் வீட்டுக்குப் போனாலும் ஒன்பது நாள் கிடந்தாலும் பெரும்பாலும் அதே தொகைதான். 2012 அக்டோபரிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இதயச் செயலிழப்பு, நிமோனியா மாதிரி சில நோய்களில், 30 நாளுக்குள் திரும்பி வருகிறவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமானால் ஆஸ்பத்திரிக்கு வரும் பணத்தில் பிடித்தம் விழும். சீக்கிரம் அனுப்பவும் வேண்டும், திரும்பி வராதபடி அனுப்பவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் கேஸ் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஓபிடி என்ற நீண்டகால நுரையீரல் நோய் உள்ள ஒரு பெரியவருக்கு டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். மகள் காரோடு கீழே காத்திருக்கிறார். வீட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 92 சதவீதம், நடந்தால் 86க்கு இறங்குகிறது. இப்படிப்பட்டவருக்கு மெடிகேர் பணம் தர மூன்று அளவுகள் சார்ட்டில் இருக்க வேண்டும்: ஓய்வில் ஒன்று, ஆக்ஸிஜன் இல்லாமல் நடக்கும்போது ஒன்று, ஆக்ஸிஜன் வைத்து நடந்தபோது ஏறியதைக் காட்டும் ஒன்று. மூன்றாவதை யாரும் எழுதவில்லை என்றால் கருவி கம்பெனி அனுப்பாது, பெரியவர் திங்கள்வரை அங்கேயே கிடப்பார். வார்டிலிருந்து வந்த கேஸ் மேனேஜர் உடனே அவரைப் பார்க்கும் நர்ஸிடம் போய், பல்ஸ் ஆக்ஸிமீட்டரோடு காரிடாரில் இன்னொரு நடை கூட்டிப்போகச் சொல்லி, அந்த எண்ணைப் பதிவுசெய்ய வைத்துவிடுவார். பத்து நிமிட வேலை. எங்கே என்ன குறைகிறது என்று தெரிந்திருப்பதுதான் இதில் திறமை. அது மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடித்தான் வரும்.

அப்சர்வேஷன், அதாவது முறைப்படி சேர்க்காமல் கண்காணிப்பில் வைக்கும் விவகாரமும் அப்படித்தான். கட்டில் அதே கட்டில், நர்ஸும் அதே நர்ஸ். ஆனால் கணக்கில் அவர் வெளிநோயாளி. பாரம்பரிய மெடிகேரில் (அரசே நேரடியாக நடத்துவது) உள்ள ஒருவருக்கு ஸ்கில்டு நர்சிங் மையத்தில் மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்க வேண்டுமென்றால், தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அப்சர்வேஷனில் கழிந்த இரவுகள் அதில் சேராது. அப்சர்வேஷன் 24 மணி நேரத்தைத் தாண்டினால், அது தொடங்கியதிலிருந்து 36 மணி நேரத்துக்குள் அதைச் சொல்லும் அறிவிப்புத் தாளை நோயாளியிடம் கொடுத்து விளக்க வேண்டும். "மூணு ராத்திரி இங்கதானே படுத்திருந்தாங்க" என்று கேட்கும் மகனிடம் முகத்துக்கு நேராகப் பேசிப் பழகியவருக்குப் பிறகு எந்தப் போன் உரையாடலும் பெரிதாகத் தெரியாது.

கஷ்டங்களும் உண்டு. வார இறுதி முறை வரும், பண்டிகை நாள் டூட்டி வரும். டாக்டர், குடும்பம், இன்சூரன்ஸ் என்று மூன்று பக்கமும் இழுப்பு. இரவு ஷிப்டுக்குக் கிடைத்த கூடுதல் பணம் போய்விடுவதால், முதல் வருடம் கையில் வரும் சம்பளம் குறையலாம். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இன்சூரன்ஸ்

நேரம் நிலையானது. தூக்கிப் புரட்டும் வேலை இல்லை. நீரிழிவு, இதயச் செயலிழப்பு என்று நீண்டகால நோய் உள்ளவர்களை மாதக்கணக்கில் பின்தொடரலாம். ஒருவரின் சர்க்கரை கட்டுக்குள் வருவதை ஆறு மாதம் கூடவே இருந்து பார்க்கும் நிறைவு ஆஸ்பத்திரியில் கிடைக்காது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் போனில் எதிர்முனையில் இருப்பவர் உங்களை நம்ப வேண்டுமே. பேசத் தொடங்கும் முன் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு உறுதிசெய்தாக வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வந்து பிறந்த தேதி கேட்டால், மோசடி என்று நினைத்துப் பல முதியவர்கள் வைத்துவிடுவார்கள். பேசியவர்களும் கேட்பது நேரடியான கேள்விகளை: வாக்கர் எப்போது வரும், வீட்டுக்கு நர்ஸ் எத்தனை நாள் வருவார், அம்மாவை அங்கிருந்து மாற்ற முடியுமா? இவற்றை ஒருமுறையாவது கையால் ஏற்பாடு செய்தவரின் பதிலில் உறுதி இருக்கும். செய்யாதவர் திரையில் இருப்பதைப் படிப்பார். பக்கத்து நாற்காலியில் எட்டிக் கேட்கவும் ஆள் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு, இத்தனை மதிப்பீடு என்ற எண்ணிக்கை வேறு துரத்தும். இந்தப் பதவிகளுக்கு ஏற்கெனவே கேஸ் மேனேஜ்மென்ட் அனுபவம் கேட்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

லைசென்ஸையும் பாருங்கள். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, அங்கே செல்லும் லைசென்ஸ் வேண்டும். 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ள, அவை எல்லாவற்றிலும் செல்லும் காம்பாக்ட் லைசென்ஸ் இருந்தால் இந்த வேலைகளுக்கு விண்ணப்பிப்பது எளிது. டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா அதில் உண்டு. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு மாநிலத்துக்கு ஒன்றாக வாங்க வேண்டிவரும். ஆஸ்பத்திரி வேலைக்கு இந்தத் தலைவலி இல்லை.

இதன் பக்கத்தில் யூட்டிலைசேஷன் ரிவ்யூ என்று ஒரு வேலை. இன்டர்குவால், எம்சிஜி என்ற அளவுகோல்களோடு சார்ட்டை ஒப்பிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தது தேவைதானா என்று பார்ப்பது. நோயாளியோடு பேச்சே இல்லாமல் அமைதியாக வேலை பார்க்க விரும்புகிறவருக்கு ஏற்றது. கேஸ் மேனேஜராக வளர நினைப்பவருக்கு இது பாதி வேலைதான்.

ஹோம் ஹெல்த்

கேஸ் மேனேஜர் அனுபவமே இல்லாமல் கேஸ் மேனேஜர் பட்டத்தோடு உள்ளே நுழைய எளிதான வாசல் இது. முதல் வருகையில் ஓயாசிஸ் என்ற நீண்ட மதிப்பீடு, 60 நாளுக்கான பராமரிப்புத் திட்டம், பிசியோதெரபியும் காயப் பராமரிப்பும் ஒருங்கிணைப்பது என்று முழுச் சுற்றும் உங்கள் பொறுப்பு. டிஸ்சார்ஜ் தாளில் எழுதியது வீட்டில் என்ன ஆகிறது என்பதை இங்கேதான் கண்ணால் பார்ப்பீர்கள். சமையலறை மேசையில் லோப்ரெசர் என்று ஒரு புட்டி, மெட்டோப்ரோலால் என்று இன்னொரு புட்டி. இரண்டும் ஒரே மருந்து. பாட்டி இரண்டையும் விழுங்கிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருப்பார். போனில் கேட்டால் "எல்லா மாத்திரையும் ஒழுங்கா எடுக்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

குறை என்றால் கார் ஓட்டம், அப்புறம் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முடிக்கும் சார்ட்டிங். வருகைக்கு இவ்வளவு என்று சம்பளம் தரும் இடங்களில், எழுதும் நேரத்தையும் ஓட்டும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் இழப்பீட்டுப் பக்கம், அதாவது வேலையில் அடிபட்டவரை டாக்டரிடமிருந்து மறுபடி வேலைக்குக் கொண்டுசேர்க்கும் கேஸ் மேனேஜ்மென்ட், அனுபவம் வந்த பிறகு பார்க்க வேண்டியது. பல இடங்களில் சான்றிதழையே முதலில் கேட்பார்கள்.

சான்றிதழ் முதலிலா, வேலை முதலிலா?

வேலைதான். கேஸ் மேனேஜர்களுக்கான சிசிஎம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, சிசிஎம் உள்ளவரின் கண்காணிப்பில் 12 மாதமோ, அப்படி ஒருவர் இல்லாவிட்டால் 24 மாதமோ முழுநேரக் கேஸ் மேனேஜ்மென்ட் அனுபவம் வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் மதிக்கப்படும் ஏசிஎம் சான்றிதழும் அனுபவம் கேட்கிறது. சிசிஎம் கேட்பது நோயாளியோடு நேரடித் தொடர்புள்ள முழு வேலையை. ரிவ்யூ மட்டும் செய்த காலம் இந்தக் கணக்கில் தேறுவது கடினம். வேலை கிடைக்கும் முன்பே தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேலை தேடும்போது

வெளியே விண்ணப்பம் போடுவதற்கு முன் சொந்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள். உங்கள் யூனிட்டுக்கு வரும் கேஸ் மேனேஜருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். ஒரு நாள் கூடவே நடந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வார இறுதிக்கும் விடுப்பு நிரப்பவும் தேவைப்படும் பிஆர்என் (தேவைக்கு மட்டும் கூப்பிடும்) இடங்கள் அடிக்கடி வரும், அவற்றுக்குப் போட்டி குறைவு. ரெஸ்யூமேயில் "மருந்து கொடுத்தேன், ஐவி போட்டேன்" என்று நிரப்பாதீர்கள். டிஸ்சார்ஜ் விளக்கம், காலை ரவுண்ட்ஸில் பங்கு, இன்சுலின் கற்றுக்கொடுத்தது, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்தது எல்லாமே கேஸ் மேனேஜ்மென்ட்தான். அவற்றை மேலே கொண்டுவாருங்கள்.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அதை முழுதாகப் படிக்காமல் மாறாதீர்கள். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டிய பிரிவு இருக்கலாம். கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருந்தால் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டே அடுத்த அடி வையுங்கள். இன்னொன்று: வீட்டிலிருந்தே வேலை என்று வரும் விளம்பரங்களில் மோசடி நிறைய. நேர்காணலை சாட்டிலேயே முடித்து, லேப்டாப் வாங்க செக் அனுப்புகிறோம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை: ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? டிஸ்சார்ஜ் வேலையோடு ரிவ்யூவும் நம் தலையிலா, தனி ஆள் உண்டா? எத்தனை வாரம் ஒருவர் கூட இருந்து சொல்லித்தருவார்? வார இறுதி எத்தனைக்கு ஒன்று? கடைசியாக, இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார்? இதற்கு நேரடியான பதில் வராத இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.