விழுந்த ட்ரோனின் கிம்பல்: கேபிளா, ஆர்மா, முழு செட்டா?

ட்ரோன் விழுந்து கிம்பலில் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் அமைப்பு) கேமரா தலை தொங்கிவிட்டால் வழி மூன்று: ரிப்பன் கேபிளை மட்டும் மாற்றலாம், வளைந்த ஆர்மை (கேமராவைத் தாங்கும் உலோகக் கையை) மோட்டாரோடு மாற்றலாம், இல்லை கேமராவோடு முழு கிம்பலையே வாங்கிப் போடலாம். பலர் நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு யா (இடவலம்), ரோல் (பக்கச் சாய்வு), பிட்ச் (மேல்கீழ்) மூன்று அச்சுகளையும் விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். எங்கும் உரசவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் ஆர்மோ மோட்டாரின் ஷாஃப்டோ (சுழலும் தண்டு) வளைந்திருக்கிறது.

கேபிள்தான் விலை குறைவு, ஆனால் பொறுமையை அதிகம் கேட்கும் வேலை. படம் வருகிறது, தலை மட்டும் துவண்டு கிடக்கிறது என்றால் மோட்டாருக்குப் போகும் ரிப்பனைப் பாருங்கள். மடிப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கிழிசல் தெரியும், பூதக்கண்ணாடி வேண்டும். தலை சரியாக அசைகிறது, படம்தான் இல்லை என்றால் கேமரா சிக்னல் கேபிள். பல மாடல்களில் இரண்டும் தனித்தனி என்பதால் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கழற்றும்போது ஒவ்வொரு மடிப்பையும் போட்டோ எடுங்கள். கனெக்டரில் லாட்ச் (பூட்டும் சிறு மடல்) இருந்தால் நகத்தால் தூக்குங்கள். அழுத்திப் பொருத்தும் வகையென்றால் பிளாஸ்டிக் நெம்பியால் நேர் மேலே எடுங்கள். புதியதைப் போட்டபின் அச்சை இரு கோடிவரை திருப்புங்கள். கேபிள் எங்கும் விறைக்கக் கூடாது. விறைத்தால் மோட்டார் அதை இழுத்துக்கொண்டே சுழலும், ஓவர்லோட் எச்சரிக்கை வரும், சில பறப்புகளிலேயே மறுபடி கிழியும்.

வளைந்த ஆர்மை இடுக்கியால் நிமிர்த்தாதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் அச்சு பழைய இடத்துக்கு வராது, உலோகத்தில் விரிசலும் விழும். வளைந்த ஆர்மில் புதுக் கேபிள் போடுவது வீண் செலவு. மோட்டாரின் மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளந்தால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்; ஒரு ஜோடி மட்டும் விலகினால் சுருள் போய்விட்டது. ஆர்ம் மாற்ற எப்படியும் கேபிளை உருவ வேண்டியிருப்பதால் கேபிளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இதில் ஒரு சிக்கல்: பல மாடல்களில் மோட்டார் மாறினால் கோண சென்சாரைச் சர்வீஸ் மென்பொருளில் மறுபடி அளவமைக்க வேண்டும், ஆப்பில் உள்ள கேலிபிரேஷன் போதாது. அந்த மென்பொருள் கையில் இல்லையென்றால் முழு செட்டே புத்திசாலித்தனம்.

முழு செட் சில ஸ்க்ரூ, ஓரிரு கனெக்டரோடு முடிந்துவிடும். லென்ஸோ கேமரா சென்சாரோ உடைந்தால், இரண்டு மோட்டார் போனால், உப்புத் தண்ணீரில் விழுந்தால் யோசிக்காமல் இதற்குப் போகலாம்.

வீடியோ மட்டும் ஜெல்லி மாதிரி ஆடினால் இந்த மூன்றுமே வேண்டாம். அதிர்வைத் தாங்கும் ரப்பர் டாம்பர் கழன்றதா, கிழிந்ததா என்று பாருங்கள்.

எதைச் செய்தாலும் சமதளத்தில் வைத்துக் கேலிபிரேட் செய்யுங்கள். பிறகு புரொப்பெல்லர் இல்லாமல் கையில் பிடித்து நாலா பக்கமும் சாய்த்துப் பாருங்கள். படத்தில் அடிவானம் அசையாமல் நின்றால் பறக்க விடலாம்.