"பாஸ் ஆகலைன்னா பணம் வாபஸ்" என்று சொல்லும் கிளவுட் கோர்ஸில் சேரும் முன் இதைப் படியுங்கள்

"சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிடுங்க, வேலை தானா வரும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை.

பெயர் வேண்டாம், ஓர் ஆன்லைன் பயிற்சி மையம். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்கு எட்டு வாரம் லேப் பயிற்சி என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். முதல் சில வாரம் ஸ்லைடு ஓடியது. லேப் எப்போது என்றால் "அடுத்த வாரம் சார்". அப்புறம் ஒருநாள் 'மாதிரி வினாக்கள்' என்று ஒரு பிடிஎஃப் வந்தது. அதாவது டம்ப், அசல் தேர்வுக் கேள்விகள், விடையோடு. அப்போதே உறுத்தியது, ஆனால் கட்டிய பணம் கண்ணை மறைத்தது. என் தப்பும் இதில் உண்டு.

தேர்வில் 65 கேள்வி, 130 நிமிடம், 1000-க்கு 720 வந்தால் பாஸ். பாதி நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

முதல் இன்டர்வியூவில் கேட்டது ஒரே கேள்விதான். பிரைவேட் சப்நெட்டில், அதாவது வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாத நெட்வொர்க் பகுதியில், உள்ள சர்வரால் இணையத்துக்குப் போக முடியவில்லை, அதற்கு வழிவிடும் நாட் கேட்வே இருக்கிறது, எங்கெல்லாம் பார்ப்பீர்கள்? 'செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல், நெட்வொர்க் ஏசிஎல் ஸ்டேட்லெஸ்' என்ற வரி எனக்குத் தலைகீழ்ப் பாடம் (முன்னது சர்வருக்கு, பின்னது சப்நெட்டுக்கு, எதை உள்ளே, வெளியே விடலாம் என்று சொல்லும் காவல் விதிகள்). ஆனால் ஸ்டேட்லெஸ் என்றால் திரும்பி வரும் பதிலுக்கும் தனியாக வழி விட வேண்டும், 1024-க்கு மேலுள்ள போர்ட்டுகள் அடைபட்டிருந்தால் பதில் வாசலிலேயே நின்றுவிடும் என்பது தோன்றவே இல்லை, நாட் கேட்வேயையே யாராவது தவறுதலாக பிரைவேட் சப்நெட்டில் வைத்திருக்கக்கூடும் என்பதும் தோன்றவில்லை. இன்டர்வியூ எடுத்தவர் கோபப்படவில்லை. "டம்பா?" என்று மட்டும் கேட்டார்.

டம்ப் பார்த்து எழுதியது தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்யலாம் என்று தேர்வுக்கு முன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளிலேயே இருக்கிறது. இதை மையத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பணம் வாபஸ்? மூன்று முறை தோற்றால்தானாம், மூன்று தேர்வுக் கட்டணமும் நம் கையிலிருந்து.

இதோடு விட்டார்களா? மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரில் அசோசியேட் சான்றிதழ் வைத்திருந்த நண்பருக்கு 'ரினியூவல் பேக்கேஜ்' விற்கப் பார்த்தார்கள். அது ஓராண்டுதான் செல்லும், சரி, ஆனால் புதுப்பிக்கும் தேர்வை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாக எழுதலாம்!

சர்டிஃபிகேட்டே குப்பை என்று சொல்ல மாட்டேன். குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளுக்கான சிகேஏ, லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ எல்லாம் டெர்மினலில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டிய தேர்வுகள், அங்கே மனப்பாடம் வேகாது. கிளவுட் பார்ட்னர் நிறுவனங்களுக்கும் தங்கள் பார்ட்னர் நிலையைத் தக்கவைக்கச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் இத்தனை பேர் என்று கணக்குக் காட்ட வேண்டும், அங்கே நிஜமாகவே மதிப்பு உண்டு. சேருவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: என் சொந்த கிளவுட் அக்கவுண்டில் எந்த வாரம் எதை உருவாக்கப்போகிறேன்? பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள்.

நான் இப்போது விபிசியை, அதாவது கிளவுடில் நமக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்கை, முதலிலிருந்து நானே கட்டி, உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மையத்தின் விளம்பரத்தில் என் படம் இன்னும் 'எங்கள் வெற்றியாளர்' என்று இருக்கிறது. எடுக்கச் சொல்லி இரண்டு மெயில் போட்டாயிற்று.